கப்பி என்னும் குலப்பெயர்: அதன் தோற்றமும் அருமையும்

ஆங்கில நாட்டுக் குடும்பப் பெயர்களை ஆராயப் புகுந்தோர் நெடுங்காலம் ஒரே நெறியைக் கைக்கொண்டு வந்தனர். பெயரைக் கண்டவுடன் அதன் பகுதி விகுதிகளைப் பிரித்து, பழைய ஆங்கிலத்திலோ நார்மானியரின் பிரெஞ்சிலோ அவற்றுக்குரிய பொருளைத் தேடி, பொருள் அகப்பட்டதும் ஆராய்ச்சி முற்றுப்பெற்றதாகக் கருதிவிடுவது அந்நெறி. அதனால் விளைந்த நன்மை சிறிதன்று; 1958இல் ரீனி என்பார் வெளியிட்ட பிரிட்டிஷ் குடும்பப் பெயர் அகராதி இந்நெறியின் சிறந்த பயன் என்பதை எவரும் மறுக்கார். ஆயினும், ஒரே காலத்தில் தோன்றிய இரண்டு பெயர்களுள் ஒன்று பல்லாயிரமாய்ப் பெருகி நிற்க, மற்றொன்று ஒரு மாகாணத்தின் மூலையில் அருகியே நிற்பதன் காரணம் யாது என்ற வினாவுக்குச் சொற்பிறப்பு விடை தருவதில்லை. டார்செட் மாகாணத்தின் மேற்கெல்லையில் தோன்றிய 'கப்பி' என்னும் அரிய பெயர் இவ்வினாவை ஆராய்தற்கு மிகப் பொருத்தமானது. அப்பெயரின் தோற்றத்தை அகராதியினும் உறுதியாக நிலப்படமே நிர்ணயிக்கிறது என்பதும், அதன் அருமைக்குக் காரணம் பிறந்த இடத்தின் சிறுமையும் அம்மாகாணத்தின் பொருளாதார விதியுமே என்பதும் இக்கட்டுரையின் கொள்கை.

இப்பெயரைத் தேர்ந்தெடுத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. ஆங்கிலக் குடும்பப் பெயர்களை எண்ணி அளந்து அவற்றின் தாயகத்தை நிர்ணயிக்க முதன்முதலாக முறைப்படி முயன்றவர் இப்பெயரைத் தாங்கியவரே ஆவார். ஹென்றி புரூஆம் கப்பி 1854இல் பிறந்து 1926இல் மறைந்தவர். தொழிலால் கடற்படை மருத்துவர். சாலமன் தீவுகளின் நில அமைப்பையும் மக்களையும் ஆராய்ந்தவர். கடல் நீரோட்டங்கள் விதைகளைத் தீவுக்குத் தீவு கொண்டு சேர்க்கும் விதத்தைப் பற்றிப் பெருநூல் எழுதியவர். விதைகள் எங்கிருந்து புறப்பட்டு எங்கு ஒதுங்கின என்று ஆராய்ந்த அறிஞர், பெயர்களைப் பற்றியும் அதே வினாவை எழுப்பியதில் வியப்பில்லை. 1890இல் அவர் வெளியிட்ட 'பெரிய பிரித்தானியாவில் குடும்பப் பெயர்களின் தாயகங்கள்' என்னும் நூல் அவ்வினாவின் பயனே.

அவர் கையாண்ட முறை எளியது, உழைப்போ கடியது. மாகாணந்தோறும் அச்சிடப்பட்ட கெல்லியின் முகவரிக் கையேடுகளை எடுத்து, ஊர் ஊராக வரிசைப்படுத்தப்பட்ட பெயர்களுள் வணிகரையும் பிரபுக்களையும் உத்தியோகஸ்தரையும் நீக்கி, உழவர் பெயர்களை மட்டும் அவர் எண்ணினார். தலைமுறை தலைமுறையாக நிலத்தைவிட்டு அகலாத வகுப்பினர் அவர்களே என்பது அவர் கருதிய நியாயம். பதினாயிரம் பேருக்கு ஏழுக்குக் குறைந்த பெயர்களை விலக்கிவிட்டு, எஞ்சியவற்றை அவை பரவியுள்ள மாகாணங்களின் தொகைக்கேற்ப ஆறு வகுப்புகளாக அமைத்தார். முப்பது முதல் நாற்பது மாகாணங்களில் காணப்படுவன பொதுப்பெயர்கள். ஒரே மாகாணத்தில், பெரும்பாலும் அதனுள்ளும் ஒரு சிறு பகுதியில் அடங்கிக் கிடப்பன தனிப்பெயர்கள். கப்பி என்பது இக்கடைசி வகுப்பின் இயல்பையெல்லாம் உடையது.

இனிப் பெயரின் பொருளைச் சுருக்கமாகக் காண்போம். டார்செட்டின் மேற்கே, சார்மத் கடற்கரைக்குச் சிறிது உள்ளே, வூட்டன் ஃபிட்ஸ்பெய்ன் என்னும் கோயிற்பங்கு இருக்கிறது. அதனுள் கப்பி என்றொரு சிற்றிடம் உண்டு. குப்பா என்னும் பழைய ஆங்கிலேயர் ஒருவருடைய வேலி சூழ்ந்த அடைப்பு என்பது அவ்விடப் பெயருக்கு அறிஞர் கூறும் பொருள். அடைப்பைக் குறித்த பின்மொழி காலப்போக்கில் தேய்ந்து ஈற்று இகரமாக நின்றது. இவ்வளவோடு அகராதியின் பணி முடிந்தது.

ஆனால் இடப்பெயரினின்று பிறந்த குடும்பப் பெயர்கள் எல்லாம் ஒரு தன்மையன அல்ல என்பதை இவ்விடத்தில் வற்புறுத்த வேண்டும். லிங்கன் போன்ற ஒரு நகரத்தின் பெயரைத் தாங்குபவன் அந்நகரத்தைவிட்டு வெளியேறியவனாகவே இருத்தல் வேண்டும். எல்லாரும் லிங்கன்காரராக இருக்கும் லிங்கனில் ஒருவனை அப்பெயரால் பிரித்தழைப்பதில் பயனில்லை. அவ்வாறு வெளியேறியவர் பலராதலின், ஒருவரோடொருவர் உறவில்லாத பல குடும்பங்கள் அப்பெயரை எய்தின. பீட்டர் மக்ளூர் 1979இல் வெளியிட்ட ஆய்வில், இடைக்கால மக்கள் எவ்வளவு தொலைவு குடிபெயர்ந்தனர் என்பதை இத்தகைய பெயர்களைக்கொண்டே அளந்து காட்டியிருக்கிறார். ஒற்றைப் பண்ணையின் பெயரோ இதற்கு நேர்மாறானது. பண்ணையில் வாழும் குடும்பம் ஒன்றேயாதலால், அப்பங்கிலுள்ள ஏனையோர் அக்குடும்பத்தை அது வாழும் இடத்தாலேயே அழைத்தல் இயல்பு. வெளியேற வேண்டிய அவசியமே இல்லை. ஆகவே நகரப் பெயர் பல வேருடையது. பண்ணைப் பெயர் பெரும்பாலும் ஒரு வேருடையது. இடம் எவ்வளவு சிறியதோ அவ்வளவுக்குப் பெயர் ஒரே வம்சத்தைச் சார்ந்து நிற்கும் என்பதை ஒரு விதியாகவே கொள்ளலாம்.

இவ்விதி வெறும் ஊகமன்று என்பதற்கு அண்மைக்கால உயிரியல் தக்க சான்று அளித்துள்ளது. தந்தையினின்று மகனுக்கு மட்டும் இறங்கும் ஒய் குரோமோசோம், ஆங்கிலக் குடும்பப் பெயர் செல்லும் வழியிலேயே செல்வது. லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் டூரி கிங், மார்க் ஜோப்ளிங் ஆகிய இருவரும் நாற்பது பெயர்களைச் சேர்ந்த 1,600க்கு மேற்பட்ட ஆடவரை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட முடிவுகளின்படி, ஸ்மித் போன்ற பெருவழக்குப் பெயருடையாரிடையே பொதுவான மரபு அடையாளம் காணப்படவில்லை. பெயர் அருக அருக ஒரே மூதாதையின் அடையாளம் ஓங்கி நிற்கிறது. நாட்டிங்கம் மாகாணத்து ஊர் ஒன்றினின்று பிறந்த அட்டன்பரோ என்னும் அரிய பெயரைத் தாங்கியவருள் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது பேர் ஒரே மரபுக் கிளையினராய் இருந்தனர்.

இதனினும் சுவையானது சைக்ஸ் என்னும் பெயரின் கதை. சிற்றோடையைக் குறித்த சொல்லினின்று அது பிறந்தது. வட இங்கிலாந்தில் சிற்றோடைகளுக்குக் குறைவில்லையாதலால், அது நூறு இடங்களில் தனித்தனியே தோன்றியிருக்க வேண்டுமென்று அகராதி கொண்டு வாதிப்பவர் சொல்லுவர். ஆனால் பிரையன் சைக்ஸ் என்னும் ஆக்ஸ்போர்டு அறிஞர் தம் பெயருடையாரைச் சோதித்து 2000இல் வெளியிட்டபோது, அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் ஒரே அடையாளம் உடையவராக இருந்தனர். பெயருடையோர் யார்க்‌ஷரின் மேற்குப் பகுதியில் திரண்டிருப்பதைப் படத்தில் கண்டவர்க்கு இது எதிர்பாராததன்று. அகராதி 'பல' என்றது. நிலப்படம் 'ஒன்று' என்றது. குருதி நிலப்படத்தின் பக்கமே சாய்ந்தது.

பெயரின் அருமைக்கு வருவோம். 1853ஆம் ஆண்டின் பதிவுகளைக்கொண்டு பதிவுத்துறைத் தலைவர் கணித்தபடி, இங்கிலாந்திலும் வேல்சிலும் ஸ்மித் என்னும் பெயரினர் இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டவர். 73 பேருக்கு ஒருவர். கொல்லன் இல்லாத ஊர் இல்லையாதலால் இத்தொகை வியப்பன்று. ஒரு வேருடைய பெயரோ தொடக்கத்திலேயே ஒற்றை உயிரை நம்பியது. ஆண்மகவின்மையால் அத்தகைய பெயர் அழிந்துபோகும் அபாயத்தைப் பிரான்சிஸ் கால்ட்டன் 1873இல் ஒரு கணித வினாவாக்கினார். வாட்சன் என்னும் பாதிரியார் விடை எழுதினார். வாட்சன் எல்லாப் பெயர்களும் இறுதியில் அழிந்தே தீரும் என்று முடிவு கட்டியது பிழை என்பது பின்னர் உணரப்பட்டது. பெருகிவரும் ஜனத்தொகையில் சில பெயர்கள் நிலைபெறும். எனினும் கணக்கின் கொடுமை குறையவில்லை. ஆணொருவனுக்குச் சராசரியாக ஓர் ஆண்மகவு என்று கொண்டு, மகப்பேற்றைத் தற்செயலுக்கு விட்டுக் கணக்கிட்டால், நூறு பெயர்களுள் 37 முதல் தலைமுறையிலேயே மறையும். பத்தாம் தலைமுறையின் முடிவில் ஏறத்தாழ 16 மட்டுமே எஞ்சும். அழிந்தவை தகுதியின்மையால் அழிந்தன அல்ல, எஞ்சியவை சிறப்பால் எஞ்சின அல்ல. அரிய பெயரைப் பழைய பிரபு வம்சத்தின் அடையாளமாகக் காட்டிப் பெருமை பேசும் குலவரலாற்று நூல்கள் இக்கணக்கை ஒருமுறையேனும் நோக்கியிருந்தால் நன்றாயிருக்கும்.

டார்செட்டைப் பொறுத்தவரை இத்தற்செயலோடு ஒரு பேரிடரும் கூடியது. இங்கிலாந்தின் ஜனத்தொகையில் மூன்றில் ஒரு பங்கையேனும் கொண்டுபோன கொள்ளைநோய் 1348ஆம் ஆண்டின் கோடையில் அந்நாட்டினுள் நுழைந்தது டார்செட் கடற்கரையின் மெல்கம் துறைமுகத்தின் வழியே என்று அக்காலக் குறிப்புகள் கூறுகின்றன. தென்மாகாணங்களில் குடும்பப் பெயர்கள் தந்தையினின்று மகனுக்கு இறங்கத் தொடங்கிய பருவமும் அதுவே. ஒரு பண்ணைக் குடும்பத்தின் பெயர் வேரூன்றும் வேளையில் வந்த இவ்விடர் அத்தகைய பெயர்கள் பலவற்றைத் தடமின்றித் துடைத்திருக்கும் என்றும், தப்பியவற்றை ஒன்றிரண்டு கிளைகளாகக் குறுக்கியிருக்கும் என்றும் அநுமானித்தல் தவறாகாது.

இவ்விடத்தில் ஒரு தடை எழலாம். பண்ணையிற் பிறந்த ஒருவேர்ப் பெயர்கள் எல்லாம் அருகியா கிடக்கின்றன? ஹாலிபாக்ஸை அடுத்த பாரோகிளஃப் என்னும் சிற்றிடத்தில் தோன்றிய பாரகிளஃப் என்னும் பெயரும், அதே மலைச்சாரலின் ஹெப்டன்ஸ்டால் பகுதியில் வேர்விட்ட கிரீன்வுட் என்னும் பெயரும் இன்று யார்க்‌ஷரில் வீதிதோறும் வழங்குகின்றனவே? தடை நியாயமானது, என் கொள்கையின் இரண்டாம் பகுதி இதற்கு விடையாகவே அமைகிறது. ஹாலிபாக்ஸைச் சூழ்ந்த கால்டர் பள்ளத்தாக்கின் உழவன் கோடையில் நிலத்தையும் ஏனைய நாளில் தறியையும் நம்பி வாழ்ந்தான். நிலம் துண்டானாலும் தறி சோறு போட்டதால் இளைய மகனும் மணந்து அங்கேயே தங்கினான். பின்னர் ஆலைகள் வந்தபோது அவன் பேரர் பக்கத்து நகரத்துக்கே வேலைக்குச் சென்றனர். மேற்கு டார்செட்டில் ஆடுகளும் பால்பண்ணைகளுமே பெருவாழ்வு. உழவுக் கூலி நாட்டிலேயே மிகத் தாழ்ந்திருந்த மாகாணங்களுள் அது ஒன்று என்பது 19ஆம் நூற்றாண்டில் ஊரறிந்த செய்தி. இளையவனுக்கு அங்கே இடமில்லை. அவன் வெளியேறினான், அல்லது மணமின்றி மாண்டான். ஒரே வகையாகப் பிறந்த பெயர்கள் வேறுவேறு தொகையை எய்தியமைக்குக் காரணம் தறியே அன்றிச் சொல்லன்று.

வெளியேறியோரின் தடத்தைச் சிறிது காட்டலாம். மேற்கு மாகாணங்களின் பெருந்துறையாகிய பிரிஸ்டலில் இப்பெயர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே விளங்கியது. பாலங்களுக்கு அடிக்கால் நாட்டும் முறைக்கு 1811இல் உரிமைப் பட்டயம் பெற்ற சாரா கப்பி அந்நகரத்து வணிகர் ஒருவரின் மனைவி; அவர் மகன் தாமஸ் கப்பி, புகழ்பெற்ற பொறியாளர் புரூனலுடன் சேர்ந்து பெருங்கப்பல்களைக் கட்டுவித்த பொறியாளர். டிக்கன்ஸ் 1852–53இல் தொடராக எழுதிய 'பிளீக் ஹவுஸ்' நாவலில் வழக்கறிஞரின் குமாஸ்தா ஒருவனுக்கு இப்பெயரைச் சூட்டியதால், லண்டன் வாசகரின் செவிக்கு அது அந்நியமாக இருந்திராது என்று கொள்ளலாம். மான்செஸ்டரின் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தை 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் வளர்த்த ஹென்றி கப்பியையும் நூலன்பர் மறவார்.

டிரினிடாட் தீவில் குடியேறிய ராபர்ட் ஜான் லெக்மியர் கப்பி என்பாரே இப்பெயரை உலகெங்கும் பரப்பியவர், தாம் அறியாமலே. அவர் அங்குப் பிடித்து லண்டனிலுள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிய சிறுமீனுக்கு ஆல்பர்ட் குந்தர் 1866இல் அவர் பெயரையே இட்டார். அம்மீனை 1859லேயே பீட்டர்ஸ் என்னும் ஜெர்மானியர் விவரித்துவிட்டமையால் அறிவியல் பெயர் நிலைக்கவில்லை. வழக்குப் பெயர் நிலைத்துவிட்டது. சென்னைக் கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் நெகிழிப் பைகளில் தொங்குவதும், கொசுப்புழுக்களைத் தின்பதற்காகக் கிணறுகளிலும் தொட்டிகளிலும் விடப்படுவதும் அக்கப்பி மீனே. பெயரைத் தாங்கிய மாந்தர் அருகியே நிற்க, பெயர் மட்டும் கோடிக்கணக்கானோர் நாவில் புரள்வது, 'வழக்கு' என்பதை எதைக்கொண்டு அளப்பது என்ற கேள்வியை எழுப்புகிறது.

பெயர்களை எண்ணி அளந்த ஹென்றி புரூஆம் கப்பியாரின் முறைக்கு மீள்வோம்; அதில் குறைகள் உண்டு. உழவரை மட்டும் எண்ணியதால் நகரத்தாரும் கூலியாட்களும் கணக்கில் வரவில்லை. பதினாயிரத்துக்கு ஏழு என்ற வரம்பு மிக அரிய பெயர்களையே வெளியே தள்ளிவிட்டது. இக்குறைகளை 1881ஆம் ஆண்டுக் குடிமதிப்பு முழுவதையும் பெயர்த்தெழுதியதால் இன்று நீக்க முடிகிறது. அதனை 1998ஆம் ஆண்டு வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்ட லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரி அறிஞர், ரயிலும் இரண்டு உலகப்போர்களும் கடந்த பின்னரும் பெயர்கள் பெரும்பாலும் தத்தம் பழைய பிரதேசத்திலேயே செறிந்திருக்கக் கண்டனர். 2016இல் ஆக்ஸ்போர்டு வெளியிட்ட பேரகராதி 45,000க்கு மேற்பட்ட பெயர்களுக்கு 1881, 2011 ஆகிய இரண்டு ஆண்டுகளின் தொகையையும் பொருளோடு சேர்த்தே தருகிறது. சரியான திசையில் வைத்த அடி இது. ஆயினும் 1881இன் படம் 1300இன் படமாகிவிடாது. இடைப்பட்ட காலத்தை இட்டு நிரப்பவல்லவை பங்குக் கோயில்களில் 1538 முதல் எழுதப்பட்ட பதிவேடுகளும், அவற்றுக்கு முற்பட்ட பண்ணை நீதிமன்றச் சுருள்களுமே. மரபணுச் சோதனைக்குப் பொருள் செலவிடும் குலவரலாற்று ஆர்வலர்கள் அதற்குமுன் டார்செஸ்டரிலுள்ள மாகாண ஆவணக் காப்பகத்தில் வூட்டன் ஃபிட்ஸ்பெய்னையும் அதைச் சூழ்ந்த பங்குகளையும் பற்றிய ஏடுகளை வரிவரியாகப் படித்து, பெயர் வரும் இடங்களை ஆண்டு வாரியாகக் குறித்து வெளியிடுதல் வேண்டும்.