பெயரறிவும் வரலாற்றறிவும்

புகழுடன் வாழ்ந்து மறைந்த பெருமக்களைப் பின்னுள்ளோர் எவ்வளவு அறிந்துளர் எனச் சோதித்தற்பொருட்டு வினாக்கள் நிகழ்த்துதல் நெடுநாளைய வழக்கம். பள்ளிகளிலும், அரசாங்கப் பணிக்கு ஆள் தேரும் தேர்வுகளிலும், வினாடி வினா அரங்குகளிலும் இத்தகைய வினாக்கள் நாளும் எழுகின்றன. தூண்களில் அறம் பொறித்த வேந்தன் யாவன்? தஞ்சைப் பெருங்கோயிலை எடுப்பித்தவன் யாவன்? திருநாவுக்கரசரால் சைவஞ் சார்ந்த பல்லவன் யாவன்? இங்ஙனம் வினவிய அளவில் அசோகன், இராசராசன், மகேந்திரவர்மன் எனச் சிறுவரும் விடை பகர்வர். விடைகள் பிழையல்ல. ஆயினும், இவ்விடை கூறினார் அவ்வேந்தரை அறிந்தாராவரோ என்பது ஆராயற்பாலது.

சைவ சித்தாந்த நூலார் ஒரு பொருளைத் துணிதற்குக் காண்டல், கருதல், உரை என மூன்று அளவைகள் கூறுவர். அறிவுக்குக் குற்றமாவன ஐயமும் திரிபும் என்பர். ஒன்றை இதுவோ அதுவோ எனத் தடுமாறுதல் ஐயம். ஒன்றைப் பிறிதொன்றாகத் துணிதல் திரிபு. இவ்விரண்டனுள் திரிபே பெருங்கேடு விளைப்பது. என்னை? ஐயமுற்றவன் உண்மையைத் தேடுவான். திரிபுற்றவனோ தெரிந்துகொண்டேன் என்று தேடுதலை ஒழிவான். இம்முறையை வரலாற்றுக்கும் ஒருவாற்றாற் பொருத்திப் பார்க்கலாம். கல்லும் செப்பேடும் கண்ணெதிரே நிற்றலின் காண்டலோடு ஒக்கும். நூல்களும் செவிவழிச் செய்திகளும் உரையோடு ஒக்கும். இரண்டையும் இயைத்துத் துணிவது கருதல். மேற்காட்டிய மூன்று விடைகளும் எவ்வாறு கிடைத்தன என்பதை நோக்குவார்க்கு இதன் பயன் இனிது விளங்கும்.

முதற்கண் அசோகனைக் காண்போம். இன்று அவன் பெயரை அறியாத மாணாக்கர் இலர். ஆனால் பல நூற்றாண்டுகள் அவனுடைய தூண்கள் நிமிர்ந்து நின்றும் அவற்றின் எழுத்தைப் படிப்பார் ஒருவரும் இலர். கி. பி. 1351 முதல் 1388 வரை தில்லியில் ஆண்ட பிரோஸ் ஷா துக்ளக், தோப்ரா, மீரட் என்னும் இடங்களினின்றும் இரண்டு தூண்களைப் பெருமுயற்சியுடன் தில்லிக்குக் கொணர்வித்தான். அவற்றின்மேல் வரைந்திருப்பது யாதென அறிய விழைந்து கற்றோரை வினவினான், அவரும் படிக்கமாட்டாராயினர். பொதுமக்கள் இத்தகைய தூண்களை வீமசேனன் கைத்தண்டென வழங்கினர். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தில்லிக்கு வந்த ஆங்கிலப் பயணியாகிய தாமஸ் கோரியட் என்பார், அத்தூண் அலெக்ஸாந்தர் நாட்டிய வெற்றித் தூண் என்றும், எழுத்துக் கிரேக்கம் என்றும் எழுதினார். தூண் ஒன்றே, அதனை நிறுத்தியவனாகக் கருதப்பட்டவர் மட்டும் காலந்தோறும் வேறாயினர்.

1837-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பிரின்ஸெப் என்பார் அவ்வெழுத்தின் மறையை அவிழ்த்தார். சாஞ்சியிலுள்ள சிறுசிறு கல்வெட்டுக்கள் பலவும் ஒரே எழுத்துக்களான் முடிதலை நோக்கி, அவை கொடைக்குறிப்புக்களாதல் வேண்டுமென்று கருதி, அவ்வீற்றுச் சொல் 'தானம்' என்பதாமெனத் துணிந்தார். அச்சொல்லே ஏனைய எழுத்துக்களுக்கும் வாயிலாயிற்று. எழுத்து விளங்கியும் அரசன் விளங்கினானல்லன். கல்வெட்டுக்களில் 'தேவானாம்பிய பியதசி' என்னும் சிறப்புப் பெயரே காணப்பட்டது. அதுகொண்டு பிரின்ஸெப் முதலில் இலங்கை மன்னனாகிய தேவானம்பிய தீசனே இவன் என எண்ணினார். சிறப்புப் பெயரின் ஒப்புமை அறிஞரையும் இவ்வாறு மயக்கியது. இலங்கையில் இருந்த ஜார்ஜ் டர்னர் என்பார், தீபவம்சம் என்னும் பாலி நூலில் சந்திரகுப்தன் பேரனும் பிந்துசாரன் மகனுமாகிய அசோகன் பியதஸ்ஸி எனப்படுதலைக் காட்டிய பின்னரே அம்மயக்கம் நீங்கிற்று. பின்பு 1915-இல் இராய்ச்சூரைச் சார்ந்த மாஸ்கியில் அகப்பட்ட கல்வெட்டில் அசோகன் என்னும் இயற்பெயரே நேரிற் காணப்பட, அத்துணிபு உறுதியெய்தியது.

அவ்வசோகன் சாசனங்களிற் சோழர், பாண்டியர், கேரளபுத்திரரோடு சதியபுத்திரர் என்பாரும் கூறப்படுகின்றனர். அவர் யாவர் என்பதுபற்றி நெடுநாள் வழக்கு நிகழ்ந்தது; ஒவ்வோர் அறிஞரும் ஒவ்வொரு குடியினரைக் கூறினர். 1981-இல் திருக்கோவலூர்ப் பக்கத்துச் சம்பை என்னும் ஊரின் குன்றில், சதியபுத்திரன் அதியன் நெடுமான் அஞ்சி அளித்த உறைவிடம் எனக் குறிக்கும் பழந்தமிழ்க் கல்வெட்டு வெளிப்பட்டது. தகடூர் அதியமானைப் பாடிய சங்கச் செய்யுட்களைப் பயின்றார்க்கும் அசோகன் கூறிய சதியபுத்திரர் அவன் குடியினரே என்பது அதற்குமுன் ஐயமறத் தெரிந்திலது. ஒரு வரிக் கல்வெட்டு அவ்வையத்தை அகற்றிற்று.

இனித் தஞ்சைப் பெருங்கோயில். அதனை எடுப்பித்தவன் இராசராசன் என்பது இக்காலத்து எளிய விடை. பிருகதீசுவர மாகாத்மியம் என்னும் வடமொழித் தலபுராணமோ, கரிகாற்சோழன் தன் நோய் நீங்கும்பொருட்டு அத்தலத்தை அடைந்து கோயில் எடுத்தான் என உரைக்கும். அவ்வுரையைக் கேட்டு வளர்ந்தார் அங்ஙனமே விடை கூறினர். அவர் கல்லாதவரல்லர்; கோயிலை வலம்வரும்போதெல்லாம் அதன் அடித்தளத்தைச் சூழ்ந்து நெருங்கிய எழுத்துக்களைக் கண்டவரே. கண்டும் படித்திலர்.

1886-இல் கல்வெட்டாராய்ச்சித் துறையில் அமர்ந்த ஹுல்ட்ஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் அவற்றைப் படித்து 1891 முதலாக வெளியிட்டபோது, கோயிலே தன் வரலாற்றைக் கூறலாயிற்று. தான் கொடுத்தனவும், தன் தமக்கையாகிய குந்தவையார் கொடுத்தனவும், தன் தேவியர் கொடுத்தனவும், பிறர் கொடுத்தனவும் எல்லாம் விமானத்துக் கல்லிலே வெட்டுக என்று இராசராசன் பணித்த செய்தி அங்கே உள்ளது. தன் 25-ஆம் ஆட்சியாண்டின் 275-ஆம் நாளில், அஃதாவது கி. பி. 1010-இல், சிகரத்தின்மேல் வைத்தற்கு அவன் கொடுத்த செப்புக்குடம் 3083 பலம் நிறையுடையது. தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேர் பெயர் பெயராகக் குறிக்கப்பெற்றுளர். திருப்பதியம் விண்ணப்பஞ் செய்வார் 48 பேரும், உடுக்கை, கொட்டிமத்தளம் வாசிப்பார் இருவரும் ஆக 50 பேருக்கு நாள் ஒன்றுக்குத் தலைக்கு முக்குறுணி நெல் அளக்கப்பட்டது. குஞ்சரமல்லனாகிய இராசராசப் பெருந்தச்சன் என்னும் சிற்பியின் பெயரும் வெட்டப்பட்டுளது.

ஈண்டு ஒன்று நோக்குக. கோயிலை எடுத்தவன் யார் என்னும் வினாவுக்கு ஒரு பெயர் விடையாகும். ஆனால் அவ்வரசன் கருதியது தன் பெயர் ஒன்றே நிற்றலன்று. தச்சன், பாடுவான், கொட்டுவான், ஆடுவாள் என அனைவரையும் அவன் கல்லில் ஏற்றினான். ஆதலின் இராசராசன் என்று மட்டும் விடை கூறியமைவது, அவ்வரசன் தானே விரும்பிக் கூறிய விடையிற் பெரும்பகுதியை விட்டொழித்தலாம். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்பதும், உச்சியிலுள்ளது ஒரே கல் என்பதும் இன்றும் பலர் வாயில் வழங்குகின்றன. நிழல் விழுதலை அக்கோயில் முற்றத்தில் நின்று யாரும் காணலாம். உச்சிக்கல் பல கற்களின் இணைப்பென்பது ஆராய்ந்தோர் துணிபு. கரிகாலனைப் பற்றிய திரிபு நீங்கியும், திரிபுக்கு இடங்கொடுக்கும் மனம் முற்றும் நீங்கியதன்று.

மூன்றாவது, நாயன்மார் காலத்து வேந்தரைப் பற்றியது. திருஞானசம்பந்தப் பிள்ளையார் வெப்பு நோய் தீர்த்தருளிய பாண்டியன் கூன் நிமிர்ந்து சுந்தர பாண்டியன் ஆயினான் என்பர். சுந்தர பாண்டியன் என்னும் பெயரைக் கண்ட கால்டுவெல் ஐயர், 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டுக் கரையை அடைந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ குறித்த சுந்தர பாண்டியனே இவன் எனக் கொண்டார். அதனாற் பிள்ளையார் காலமும் 13-ஆம் நூற்றாண்டுக்கு இறக்கப்பட்டது. ஒரு பெயர் ஒப்புமை ஏறத்தாழ 600 ஆண்டுகளை விழுங்கிற்று. மனோன்மணீயம் இயற்றிய பெ. சுந்தரம் பிள்ளையவர்கள் (1855-1897) இதனை மறுத்துத் திருஞானசம்பந்தர் காலத்தை ஆராய்ந்து எழுதிய ஆங்கில நூல், தமிழிலக்கிய வரலாற்றுக்கு ஒரு மைல்கல்லாயிற்று.

இக்கொள்கையின் பிழையைத் தஞ்சைக் கோயிலே காட்டவல்லது. திருநாவுக்கரசர், திருஞானசம்பந்தர், நம்பியாரூரர் ஆகியோர் செப்புத் திருமேனிகள் அங்கே எழுந்தருளுவிக்கப்பட்டமை இராசராசன் 29-ஆம் ஆண்டுக் கல்வெட்டாற் பெறப்படும். 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திருமேனி கண்டு வழிபடப்பட்டவர் 13-ஆம் நூற்றாண்டில் தோன்றியிருத்தல் எங்ஙனம்? மேலும், பிள்ளையார் பாடிய திருச்செங்காட்டங்குடிப் பதிகம் சிறுத்தொண்டரைக் குறிக்கும். அவர் வாதாபியை அழித்த படைத்தலைவர் எனப் பெரியபுராணம் பேசும். வாதாபி, நரசிம்மவர்மப் பல்லவனுக்குத் தோற்றது கி. பி. 642-இல். சுந்தரமூர்த்தி நாயனார் நின்றசீர் நெடுமாறனை நெல்வேலி வென்றவர் எனப் போற்றினர். பாண்டியரது வேள்விக்குடிச் செப்பேடும் நெல்வேலிப் போரை அரிகேசரி மாறவர்மன் மேலதாக்கிக் கூறுகின்றது. பெயர் ஒன்றே கொண்டு துணிந்தவிடத்துப் பிழை நேர்ந்தது. பெயரோடு செயலும் இடமும் காலமும் இயைந்தவிடத்து உண்மை நிலைபெற்றது.

திருநாவுக்கரசரை வருத்திப் பின் சைவஞ் சார்ந்த பல்லவனும் இவ்வாறே அறியப்பட்டான். சேக்கிழார் பெருமான் அவனை மகேந்திரன் என்றிலர். அவன் திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான் என்றனர். குணபரன் என்பது முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர் என்பதைச் சிராப்பள்ளிக் குன்றின் மேற்குடைவரைக் கல்வெட்டு உணர்த்தும். குணபரன் இலிங்கத்தால் மாற்றுநெறியினின்றும் திரும்பினமையும் அதிற் சிலேடையாகக் கூறப்பட்டுளது. மகேந்திரன் வாழ்ந்தது 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. சேக்கிழார் பாடியது 12-ஆம் நூற்றாண்டு. இடையே ஐந்நூறு ஆண்டுகள் கழிந்தும் ஒரு பட்டப்பெயர் பிறழாது காக்கப்பட்டது. புராணம் என்ற அளவில் வரலாறு அன்றெனத் தள்ளுவாரும், கல்வெட்டு எற்றுக்கு எனப் புறக்கணிப்பாரும் இவ்விடத்தை உற்று நோக்குவாராக. நூல் மட்டும் இருந்திருப்பின் அரசன் யாவனெனத் தெரியாது. கல் மட்டும் இருந்திருப்பின் அவன் மனம் மாறியது யாரால் எனத் தெரியாது. இரண்டும் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

எனவே, புகழ்பெற்றோர்பற்றிய அறிவைச் சோதிப்பார் பெயர் ஒன்றைப் பெற்று அமைதல் சாலாது. அப்பெயருடையார் பலருள் இவர் யாவர்? எக்காலத்தவர்? அதற்குச் சான்று யாது? என்னும் மூன்றனையும் உடன் வினவுதல் வேண்டும். இவற்றுள்ளும் இறுதி வினாவே தலையாயது. சான்று அறியாது இராசராசன் என்று இன்று சொல்லும் மாணாக்கன், சான்று அறியாது கரிகாலன் என்று அன்று சொன்னவனினும் அறிவான் மிக்கவனல்லன். காலத்தாற் பிற்பட்டவன், அவ்வளவே.

அச்சான்று நூலகத்துள் மட்டும் இல்லை. பெரும்பகுதி கோயிற் சுவர்களில் உள்ளது. திருப்பணி என்னும் நன்முயற்சியிலேயே அது அழிதலும் உண்டு. எழுத்துள்ள கல்லைப் பெயர்த்துப் படிக்கட்டாக இடுதலும், சுண்ணமும் வண்ணமும் பூசி மறைத்தலும், மணலை விசையுடன் வீசிக் கல்லைத் துலக்குதலும் எழுத்தைத் தின்றுவிடும். போன எழுத்துப் பின் எந்நாளும் வாராது.

செம்பியன் மாதேவியார், கண்டராதித்தர் தேவியாரும் உத்தமசோழன் தாயாருமாவர். 10-ஆம் நூற்றாண்டில் அவர் பழங்கோயில்கள் பலவற்றைக் கற்றளியாக்கினர். திருக்கோடிகாவிற் புதுப்பணி செய்தபோது பழைய கற்களிலிருந்த சாசனங்களைக் கைவிட்டாரல்லர். தமக்கு முன்னிருந்தோர் அறங்களைப் புதிய சுவரிலே மீளப் பொறிப்பித்து, இது பழங்கல்லின் படி என அறியவும் வைத்தனர். தம் பெயர் விளங்கப் பிறர் பெயரை அழியாத அவ்வம்மையார் செயலே, வரலாற்றறிவு என்பது யாதென்னும் வினாவுக்குச் செயலாற் கூறிய விடையாகும். திருப்பணி மேற்கொள்வோர் உளி எடுக்குமுன் சுவரைப் படிப்பிப்பாராக, படியெடுத்து வைப்பாராக. நாளைய மாணாக்கர் எதிர்கொள்ளும் வினாக்களுக்கு உரிய விடைகள், இன்னும் படிக்கப்படாத அக்கற்களிலும் இருத்தல் கூடும்.