கடலை வேரின் இரண்டு கூட்டாளிகள்

பூத்து நிற்கும் கடலைச் செடியை ஈர மண்ணோடு பெயர்த்து, வேரைத் தண்ணீரில் அலசினால் கடுகளவு முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் ரைசோபியம் என்னும் பாக்டீரியா வேலை செய்கிறது. பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் ஓய்ந்துவிட்டது. அந்தச் சிவப்புக்குக் காரணம், நம் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினின் இனத்தைச் சேர்ந்த ஒரு புரதம். காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடிக்கும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். பாக்டீரியாவோ ஆக்சிஜன் இல்லாமல் பிழைக்காது. இந்த இக்கட்டை அந்தப் புரதம்தான் ஆக்சிஜனை அளந்து கொடுத்துத் தீர்க்கிறது.

அதே வேரில் வேர் உட்பூசணமும் குடியிருக்கிறது. சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால்தான் தெரியும்: வேரின் செல்லுக்குள் குட்டி மரம்போலக் கிளைவிட்டிருக்கும். இது சத்தை உண்டாக்குவதில்லை, தேடிப் போய் எடுத்து வருகிறது. மணிச்சத்து மண்ணில் எளிதில் நகராது. வேரை ஒட்டிய ஓரிரு மில்லிமீட்டரில் உள்ளது தீர்ந்தால் செடிக்குத் தட்டுப்பாடுதான். பூசண இழைகள் பல சென்டிமீட்டர் தள்ளிப் போய், வேர் நுழையாத இடுக்குகளிலிருந்தும் அதைக் கொண்டுவருகின்றன.

இரண்டுக்கும் செடி கொடுக்கும் கூலி, இலையில் சமைத்த கரிமம். பூசணத்துக்குச் சர்க்கரையோடு கொழுப்பும் போகிறது. கொழுப்பு அமிலத்தைத் தானே உண்டாக்க அதற்கு வழியில்லை. வேலை செய்யாத கூட்டாளியைச் செடி சும்மா விடுவதுமில்லை. தழைச்சத்து தராத முடிச்சுகளைச் சோயா ஒடுக்குகிறது என்று 2003-இல் வந்த ஆய்வு காட்டியது. மணிச்சத்து அதிகம் தரும் பூசணத்துக்கே வேர் அதிகக் கரிமம் தருவதை 2011-இல் கண்டார்கள்.

கண்ணுக்குத் தெரிவதால் பாராட்டெல்லாம் முடிச்சுக்கே போகிறது. அது நியாயமில்லை என்பேன். பூசண உறவுக்கு வயது 40 கோடி ஆண்டுகளுக்கு மேல். ஸ்காட்லாந்தின் ரைனி பாறையில் அதன் தடயம் இருக்கிறது. வெகு பின்னால் வந்த முடிச்சு உறவு, பூசணத்தை வரவேற்க வேர் வைத்திருந்த அதே சமிக்ஞைப் பாதையைத்தான் எடுத்துக்கொண்டது. பரப்பிலும் பூசணமே முந்துகிறது. ரைசோபியம் பெரும்பாலும் பயறு வகைகளோடு நின்றுவிடுகிறது. கஞ்சாச் செடிக்கு முடிச்சு கிடையாது, பூசணம் உண்டு. நெல், சோளம், வெங்காயத்துக்கும் அப்படியே. முட்டைக்கோசும் கடுகும் விலக்கு.

யூரியா மிகுந்தால் முடிச்சு குறையும். சூப்பர் பாஸ்பேட் மிகுந்தால் பூசணம் ஒதுங்கும். இருவரையும் நாமே வயலுக்குக் கொடுக்கவும் முடியும். ரைசோபியத்தைத் தொட்டியில் வளர்த்துப் பொட்டலம் போடலாம். ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து விதையில் தடவி, நிழலில் உலர்த்தி விதைத்தால் போதும். பூசணம் உயிருள்ள வேரில்தான் பெருகும். அதனால் மக்காச்சோள வேரில் வளர்த்து, வேர்த்துண்டும் மண்ணுமாகவே கொடுக்கிறார்கள்.