எடை தூக்கினால் சோறு கிடைக்குமா?

மார்சிலிங் எம்ஆர்டி நிலையத்தில் இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் உட்லண்ட்ஸ் விளையாட்டு நிலையம் வந்துவிடும். அங்குள்ள உடற்பயிற்சிக்கூடத்தில், வேலையும் படிப்பும் முடிந்து வந்து இரும்புத் தண்டைத் தூக்கும் இளையர்களைப் பார்க்கலாம். நம் பிள்ளைகளும் அதில் உண்டு. வீடு திரும்பியதும் பெற்றோர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "இது சோறு போடுமா?"

நியாயமான கேள்வி. இந்தத் தீவின் வரலாற்றில் அதற்குப் பதிலும் இருக்கிறது. ஆனால் கேட்டவுடன் இனிக்கும் பதில் அல்ல.

டான் ஹாவ் லியாங் 1933ஆம் ஆண்டு சீனாவின் சுவாட்டோவில் பிறந்தவர். நான்கு வயதில் குடும்பத்தோடு சிங்கப்பூர் வந்தார். பதினான்கு வயதில் தந்தையை இழந்தார். பிள்ளைகள் நிறைந்த ஏழைக் குடும்பம், படிப்பு பாதியில் நின்றது. 1950களின் தொடக்கத்தில் கேலாங் பக்கம் இருந்த கே வோர்ல்ட் கேளிக்கைப் பூங்காவில் ஒரு பளுதூக்கும் போட்டியைப் பார்த்தார். மனம் அங்கேயே ஒட்டிக்கொண்டது. 1953ல் அவர் தேசிய வெற்றியாளர். 1958ல் கார்டிஃப் காமன்வெல்த் விளையாட்டில் தங்கம், அதே ஆண்டு தோக்கியோ ஆசிய விளையாட்டிலும் தங்கம்.

பிறகு 1960, ரோம் ஒலிம்பிக். போட்டியின் நடுவில் இரு கால்களிலும் கடும் வலி. மருத்துவமனைக்குப் போகலாம் என்றார்கள். அவர் மறுத்துவிட்டு மேடையேறினார். மொத்தம் 380 கிலோ. ஈராக்கின் அப்துல் வாகித் அசீசும் தூக்கியது அதே 380 கிலோதான். இருவரில் உடல் எடை குறைந்தவருக்கே மேல் இடம் என்பது விதி. வெள்ளி டானுக்குக் கிடைத்தது. சோவியத் வீரர் விக்டர் புஷுவேவ் 397.5 கிலோவுடன் தங்கம் வென்றார். சிங்கப்பூரின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. அடுத்த பதக்கத்துக்கு, 2008ல் பெய்ஜிங்கில் மேசைப்பந்து மகளிர் அணி வெள்ளி வெல்லும்வரை, 48 ஆண்டுகள் காத்திருந்தோம்.

சரி, வெள்ளி வென்றவருக்கு வாழ்க்கை அமைந்ததா? உடனே அமையவில்லை. 2016ல் ஜோசப் ஸ்கூலிங் தங்கம் வென்றபோது பத்து லட்சம் வெள்ளி பரிசாகக் கிடைத்தது. டானின் காலத்தில் அப்படி ஒரு திட்டமே கிடையாது. விளையாட்டை நம்பிச் சம்பளம் பெறும் வேலை அவருக்கு வந்தது 1974ல், சிங்கப்பூர் விளையாட்டு மன்றம் அவரைப் பயிற்றுவிப்பாளராக எடுத்துக்கொண்டபோதுதான். பதக்கத்துக்கும் வேலைக்கும் இடையில் பதினான்கு ஆண்டுகள்! பின்னர் காலாங்கில் உடற்பயிற்சிக்கூட மேற்பார்வையாளராகவும் இருந்தார். ஒலிம்பிக் மேடையில் நின்றவர், யார் யாரோ தூக்கிப் போட்ட எடைகளுக்கு நடுவே பல ஆண்டுகள் வேலை பார்த்தார். அதைத் தாழ்வு என்று நினைப்பவர்கள் இருக்கலாம். ஆனால் அவருக்குச் சோறு போட்டது பதக்கம் அல்ல, அந்தக் கூடம்தான்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். டான் செய்தது பளுதூக்குதல், அதாவது எடையைத் தலைக்கு மேல் உயர்த்துவது. இன்றைய இளையர்கள் பலர் விரும்புவது வலுதூக்குதல். எடையைத் தோளில் ஏந்திக் குந்தி எழுவது, மல்லாந்து படுத்து மார்புக்கு மேல் தள்ளுவது, தரையிலிருந்து இடுப்பளவு தூக்கி நிமிர்வது என்று மூன்று பிரிவு. இதற்கான அனைத்துலகச் சம்மேளனம் 1972ல் உருவானது. ஒலிம்பிக்கில் இன்னும் இடமில்லை. ஆனாலும் சிங்கப்பூரின் ஃபர்ஹானா ஃபரித் 2022ல் 52 கிலோ பிரிவில் 200 கிலோவுக்கு மேல் தரையிலிருந்து தூக்கி உலகச் சாதனை செய்தார். தம் உடல் எடையைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு! அவர் மருந்தாளுநர். சோற்றுக்கு ஒரு தொழில், எடைக்கு ஒரு மேடை என்று இரண்டையும் வைத்துக்கொண்டார்.

இரண்டு விளையாட்டுக்கும் பொதுவான விதி ஒன்று உண்டு. ஒவ்வொரு பிரிவிலும் மூன்று முயற்சிதான். ஒரு முயற்சியில் தோற்றால் அடுத்ததற்கு எடையைக் குறைத்துக் கேட்க முடியாது. அதே எடை, இல்லையேல் அதற்கும் மேல். எத்தனையோ பேர் மன உறுதி பற்றிப் பேசுகிறார்கள். கீழே விழுந்த அதே எடையின்முன் சில நிமிடத்தில் மறுபடி போய் நிற்பவருக்கு அந்தப் பேச்சு தேவைப்படாது.

தமிழகத்தின் கதை வேறு. இளவட்டக்கல் தூக்கிய ஊர்களுக்கு எடை புதிதல்ல. அங்கே ராணுவமும் ரயில்வேயும் விளையாட்டு வீரர்களுக்கு வேலை கொடுத்துவந்தன. 1978 எட்மண்டன் காமன்வெல்த் விளையாட்டில் 52 கிலோ பிரிவில் ஏகாம்பரம் கருணாகரன் தங்கமும், அடுத்த எடைப் பிரிவில் தமிழ்ச்செல்வன் வெள்ளியும் வென்றார்கள். வேலூர் சத்துவாச்சாரியின் சதீஷ் சிவலிங்கம் அந்த வரிசையில் வந்தவர். அவர் தந்தையும் பளுதூக்கும் வீரர், முன்னாள் ராணுவத்தினர். ஓய்வுக்குப்பின் ஒரு பல்கலைக்கழகத்தில் பாதுகாவலராக இருந்தார். மகனுக்குத் தெற்கு ரயில்வேயில் வேலை கிடைத்தது. 2014ல் கிளாஸ்கோவில் 328 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2018ல் கோல்ட் கோஸ்ட்டுக்குத் தொடைக் காயத்தோடு போனார். வெற்றியில் அவருக்கே நம்பிக்கை இல்லை. 317 கிலோ தூக்கினார், மறுபடியும் தங்கம். காலில் வலி டானுக்கும் இருந்தது, சதீசுக்கும் இருந்தது. ஆனால் ஒருவர் மேடையேறியபோது பின்னால் மாதச் சம்பளம் இருந்தது.

மார்சிலிங் பிள்ளைக்கு என்ன வழி? உட்லண்ட்ஸ் வட்டாரத்திலேயே இருக்கும் ரிபப்ளிக் பலதுறைத் தொழிற்கல்லூரியில் விளையாட்டு, உடற்பயிற்சி அறிவியலில் பட்டயப் படிப்பு உண்டு. பயிற்றுவிப்பாளர்களுக்கான தேசியப் பதிவகம் 2003லிருந்து இருக்கிறது. முதலுதவிச் சான்றிதழும் பயிற்றுவிப்புச் சான்றிதழும் அதற்கு வேண்டும். டானுக்கு இந்தக் கதவுகள் எதுவும் திறந்திருக்கவில்லை. அவர் 2024 டிசம்பர் 3ஆம் தேதி, 91 வயதில் காலமானார்.