உடலும் தீட்டும்: பூவிருந்தவல்லி வட்டார வைணவ மரபு

மனித உடலை இறைவன் உறையும் இடமாகக் கண்டு, அக்காட்சியின் வலிமையால் பிறப்புப் பற்றிய உயர்வு தாழ்வை மறுத்த சமயச் சிந்தனையொன்று, சென்னைக்கு மேற்கே திருமழிசையிலும் பூவிருந்தவல்லியிலும் தோன்றிய இரு அடியார்களின் வரலாற்றோடு பிணைந்துள்ளது. திருமழிசையாழ்வார் பன்னிரு ஆழ்வார்களில் ஒருவர். திருக்கச்சி நம்பிகள் 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்து இராமானுசருக்கு வழிகாட்டியவர். இவ்விருவரைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் குருபரம்பரை நூல்களால் அறியப்படுவன.

திருமழிசையாழ்வார்

பார்க்கவ முனிவரின் மகவாக, கை கால் முதலிய உறுப்புகள் அமையாத தசைப் பிண்டமாய்த் தோன்றியமையால் பெற்றோரால் புதரடியில் விடப்பட்டு, பின்பு திருவருளால் உறுப்புகள் நிரம்பப்பெற்று, பிரம்பறுத்துப் பிழைக்கும் திருவாளன் என்பவனாலும் அவன் மனைவி பங்கயச்செல்வியாலும் ஆழ்வார் வளர்க்கப்பட்டார் என்பது மரபு. குழந்தைப் பருவத்தில் இவர் அருந்தி எஞ்சிய பாலைப் பருகிய முதிய தம்பதியர் இளமை எய்தி ஈன்ற புதல்வனே, பின்னாளில் இவருடைய சீடனான கணிகண்ணன். எச்சில் என்று உலகம் ஒதுக்குவதை அடியார் மரபு பிரசாதமாகப் போற்றத் தொடங்கிய நிலையை இக்கதையில் காணலாம்.

பெரும்புலியூரில், ஒரு திண்ணையில் ஆழ்வார் அமர்ந்திருக்கக் கண்ட அந்தணர்கள், அவரைத் தாழ்ந்த குலத்தவராகக் கருதி, வேதம் ஓதுவதை நிறுத்தினர். அவர் எழுந்து அகன்றபின் விட்ட இடம் நினைவுக்கு வராமல் திகைத்தனர். ஆழ்வார் வாய் திறவாமல், கருநெல் ஒன்றை நகத்தால் பிளந்து காட்டி அவ்விடத்தைக் குறிப்பால் உணர்த்தினார். பின்னர் அவ்வூர் வேள்விச்சாலையில் அவருக்கு முதல் மரியாதை அளிக்கப்பட்டதைச் சிலர் இகழ, தம் உள்ளத்தே உறையும் திருமாலை வெளிப்பட வேண்டினார் என்றும், அனைவரும் காண அவருடைய திருமேனியிலேயே எம்பெருமான் காட்சியளித்தான் என்றும் கூறுவர். பிறப்பைக் காட்டி எழுந்த இகழ்ச்சிக்கு, இகழப்பட்ட அவ்வுடலே விடையாக நின்றது. இவர் அருளியவை 120 பாசுரங்கள் கொண்ட திருச்சந்த விருத்தமும், 96 வெண்பாக்கள் கொண்ட நான்முகன் திருவந்தாதியும் ஆகும்.

திருக்கச்சி நம்பிகள்

வைசிய குலத்தினரான நம்பிகள், பூவிருந்தவல்லியில் நந்தவனம் அமைத்து, அதன் மலர்களைக் காஞ்சி வரதராசப் பெருமாளுக்குக் கொண்டு சென்று சாற்றி, ஆலவட்டம் வீசும் கைங்கரியம் செய்துவந்தார். தேவராஜாஷ்டகம் என்னும் வடமொழித் துதி இவர் இயற்றியது. பூவிருந்தவல்லி வரதராசப் பெருமாள் கோயிலில் இவர் இன்றும் வழிபடப்படுகிறார்.

நம்பிகள் உண்டு எஞ்சியதைத் தாம் உண்ண விரும்பிய இராமானுசர், அவரைத் தம் இல்லத்துக்கு விருந்தழைத்தார். இராமானுசர் அவரை அழைத்துவரச் சென்றிருந்த வேளையில், நம்பிகள் வேறு வழியாக வந்து, இராமானுசரின் மனைவி தஞ்சமாம்பாள் இட்ட அமுதை உண்டு கோயிலுக்குத் திரும்பிவிட்டார். அவ்வம்மையாரோ இலையை அப்புறப்படுத்தி, இடத்தை மெழுகி, நீராடி, கணவருக்கு வேறாகச் சமைத்தார். திரும்பிவந்த இராமானுசர் இதனையறிந்து மிக வருந்தினார். அவர் இல்லறம் துறந்தமைக்குக் காரணமான நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்றாகச் சொல்லப்படுகிறது.

தத்துவமும் நடைமுறையும்

உயிர்களும் உலகமும் இறைவனுக்குச் சரீரம், அவனே அனைத்துக்கும் ஆன்மா என்னும் சரீர சரீரி பாவம் இராமானுச தரிசனத்தின் உயிர்நிலை. காவிரியில் நீராடித் திரும்புகையில் இராமானுசர், தாழ்ந்த குலத்தவராகக் கருதப்பட்ட மல்லரான பிள்ளை உறங்காவில்லிதாசரின் கையைப் பற்றி வந்த செய்தி, அத்தத்துவம் ஏட்டளவில் நில்லாமல் தீண்டுதல் என்னும் செயலளவில் வெளிப்பட்டதைக் காட்டும். அடியார்களின் பிறப்பை ஆராய்தல் பெரும் பிழை என்பதைப் பிள்ளை லோகாசாரியர் தம் ஸ்ரீவசன பூஷணத்தில் வலியுறுத்தினார்.

ஆயினும் இம்மரபுக்கு எல்லைகளும் இருந்தன. தமக்கு ஆசாரியராக வேண்டும் என்று இராமானுசர் வேண்டியபோது, வருணாசிரம முறைமையைக் காட்டி நம்பிகளே மறுத்துவிட்டார்; பெரிய நம்பிகள் என்னும் மற்றோர் ஆசாரியரை அடைக என்னும் காஞ்சிப் பெருமாளின் கட்டளையையே அவருக்கு அறிவித்தார். அடியாராகிய ஒருவருக்குக் கிட்டிய மதிப்பு, அவர் பிறந்த குலத்தார் அனைவருக்கும் கிட்டவில்லை. ஆவடியை அடுத்த திருமுல்லைவாயிலைப் பாடிய இராமலிங்க அடிகள், 1867இல் வடலூரில் நிறுவிய சத்திய தருமச்சாலையில் சாதியோ சமயமோ பாராமல், பசித்த உடல் ஒன்றையே தகுதியாகக் கொண்டு அன்னமிடச் செய்தது அவ்வெல்லையைக் கடந்த செயலாகும். கோயிற் கதவுகள் யாவர்க்கும் திறக்கவோ, சென்னை மாகாணத்தில் 1947இல் இயற்றப்பட்ட ஆலயப் பிரவேசச் சட்டம் வேண்டியிருந்தது.

உடல்தோறும் இறைவன் உறைகிறான் என்று ஒப்புக்கொண்டபின், அவ்வுடல்களில் ஒன்றேனும் தீட்டுடையது என்று கருதுதல் சமயத்துக்கே மாறுபாடாகும். ஆதலால், ஆழ்வாரையும் நம்பிகளையும் தம்மவரென்று கொண்டாடுவோர், அவர்களுக்குச் செய்யும் மரியாதையை, அடியார் என்னும் பெயர் பெறாத எளிய மனிதருக்கும் பந்தியிலும் கோயிலிலும் செய்தல் கடமையாகும்.