ரேடியோவின் முள்

ஜமுனாமரத்தூருக்குப் போகிறவர்கள் தேன் வாங்கி வருவார்கள். சாமை வாங்கி வருவார்கள். நான் வாங்கி வந்தது ஒரு கவலை.

போளூரிலிருந்து மலை ஏறிய பஸ் என்னை இறக்கிவிட்டபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. எதிரே டீக்கடை. அலமாரியில் ஒரு பழைய டிரான்சிஸ்டர். அதன் தலையில் பன் பாக்கெட்டுகள்.

"பாடுமா?" என்றேன்.

"ராவுல பாடும் சார். பகல்ல வெறும் கொர்ருதான்."

"எஃப்.எம். கேட்கிறதில்லையா?"

"இந்த வளைவுல நின்னா எடுக்குது, அந்த வளைவுல நின்னா எடுக்கல. பாட்டுக்காக மலை மலையா அலைய முடியுமா?" என்று கேட்டுவிட்டுக் கடைக்காரர் டீ ஆற்றப் போனார்.

ஊருக்கு ஊர் எந்தப் பாட்டு போய்ச் சேரும் என்பதைத் தீர்மானித்தவர்கள் யார் யார் என்று அன்று யோசிக்க ஆரம்பித்தேன். சென்னை நிலையத்தின் கதையை எடுத்துக்கொண்டாலே போதும்.

1924-ஆம் வருஷம் மே மாதம் சி. வி. கிருஷ்ணசாமி செட்டி என்பவர் சிலரைச் சேர்த்துக்கொண்டு சென்னையில் ஒரு ரேடியோ கிளப் ஆரம்பித்தார். மூன்று வருஷத்தில் பணம் தீர்ந்தது. 1930 ஏப்ரல் முதல் தேதி நகரசபையார் ஒலிபரப்பை ஏற்று நடத்தினார்கள். மாலையில் இரண்டு மணி நேரம். ஞாயிறு, விடுமுறை நாட்களில் காலையில் கிராமபோன் தட்டுகள். 1938 ஜூன் 16-ந் தேதி அகில இந்திய வானொலி வந்தது. மறு வருஷம் திருச்சியிலும் ஒரு நிலையம். அன்றிலிருந்து வித்வான்களின் காலம். சபாவில் டிக்கெட் வாங்க வழியில்லாதவனும் பஞ்சாயத்து ரேடியோவின் கீழ் துண்டை விரித்து உட்கார்ந்து முழுக் கச்சேரி கேட்டான். இதைச் சின்ன விஷயம் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனால் கொடுக்கிற கைக்குக் கண்டிக்கிற ஆசையும் வந்துவிடும் அல்லவா? 1940-இல் ஆர்மோனியத்துக்குத் தடை போட்டார்கள். நம்முடைய கமகங்கள் அதற்குள் அடங்காது என்பது காரணம். 1952-இல் பி. வி. கேஸ்கர் ஒலிபரப்பு மந்திரியானார். சாஸ்திரீய சங்கீதத்தின்மேல் அவருக்கு உண்மையான பக்தி. சினிமாப் பாட்டின்மேல் அதே அளவு வெறுப்பு. பாட்டுகளைக் குறைத்தார்கள், படத்தின் பெயரைச் சொன்னால் விளம்பரமாகிவிடும் என்று அதையும் நிறுத்தினார்கள். படத் தயாரிப்பாளர்கள் அனுமதியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். சினிமாப் பாட்டு வானொலியை விட்டே போயிற்று.

ஜனங்கள் என்ன செய்தார்கள்? மகஜர் எழுதவில்லை, ஊர்வலம் போகவில்லை. ரேடியோவின் முள்ளைத் திருப்பினார்கள். யுத்த காலத்தில் பிரிட்டிஷ் ராணுவத்துக்காகக் கொழும்பில் அமைத்த சக்திவாய்ந்த ஒலிபரப்புக் கருவி, யுத்தம் முடிந்தபின் இலங்கை வானொலியின் கைக்கு வந்திருந்தது. 1950-இல் அவர்கள் வர்த்தக ஒலிபரப்பையும் தொடங்கிவிட்டார்கள். நம் நாட்டுச் சினிமாப் பாட்டு கடல் தாண்டிப் போய், அங்கிருந்து பற்பசை விளம்பரத்தோடு நம் வீட்டுக்கே திரும்பி வந்தது!

என் தகப்பனார் சொல்லுவார். என் பாட்டனார் கேஸ்கர் கட்சி. அவர் திண்ணையில் இருக்கும்வரை திருச்சி நிலையம். அவர் கடைத்தெருவுக்குப் போனதும் முள் கொழும்புக்கு நகரும். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் மறுபடி திருச்சி. "செருப்புச் சத்தத்துக்குப் பயந்து பயந்துதான் எனக்குக் காம்போதி தெரிந்தது" என்று சிரிப்பார். சிரித்து முடித்ததும் ஒரு நிமிஷம் பேசாமல் இருப்பார். தாம் கேட்காமலே கிடைத்த சொத்து அது என்று அவருக்குத் தெரியும்.

கடைசியில் சர்க்காரே இறங்கி வந்தது. 1957 அக்டோபர் 3-ந் தேதி பம்பாயிலும் சென்னையிலும் இருந்த சிற்றலைக் கருவிகள் மூலம் விவித் பாரதி பிறந்தது. 1967-இல் அதிலும் விளம்பரம் நுழைந்தது. 1977-இல் சென்னையில் பண்பலை. 2001-இல் பெங்களூரில் தனியார் நிலையம் வந்தது. பிறகு சென்னைக்கும் வந்தது. முன்பு மந்திரி தேர்ந்தெடுத்த பாட்டை இப்போது விளம்பரக்காரர் தேர்ந்தெடுத்தார். சத்தம் மட்டும் கண்ணாடி போலச் சுத்தம்.

அந்தச் சுத்தத்துக்குக் கொடுத்த விலைதான் டீக்கடைக்காரர் சொன்னது. மத்திய அலை தரையைத் தழுவிக்கொண்டு வெகு தூரம் போகும். இரவில் வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி, மலையைத் தாண்டியும் இறங்கும். பண்பலையோ ஏறக்குறைய வெளிச்சம் மாதிரி, நேர்க்கோட்டில் போகும். குறுக்கே மலை நின்றால் அதற்குப் பின்னால் இருக்கிறவன் நிழலில் நிற்க வேண்டியதுதான். விளம்பரம் கொடுக்கிறவருக்கு வேண்டிய கூட்டம் சமவெளியில் இருக்கிறது. ஜவ்வாது மலையின் ஒரு மடிப்புக்காக யார் கோபுரம் கட்டுவார்கள்?

இரவு எட்டு மணிக்கு மறுபடி கடைக்குப் போனேன். பன் பாக்கெட்டுகளை இறக்கி வைத்துவிட்டு அவர் முள்ளைத் திருப்பிக்கொண்டிருந்தார். ஒரே இரைச்சல். நடுவில் ஏதோ ஒரு பாஷையில் செய்தி. பிறகு மெல்ல ஒரு வயலின்.

என் சட்டைப் பையில் கைப்பேசி இருந்தது. அதில் ஆயிரம் பாட்டுகள். எல்லாம் எனக்குப் பிடித்தவை. எனக்குத் தெரியாதது ஒன்றுகூட இல்லை.

"யார் வாசிக்கிறது?" என்று கேட்டேன்.

"யாருக்குத் தெரியும் சார்! நல்லாத்தான் இருக்குது, இருக்கட்டும்" என்று சொல்லி, அவர் முள்ளிலிருந்து கையை எடுத்தார்.