மூன்று நாளும் பதினைந்து நாளும்

தஞ்சைப் பெரிய கோயிலுக்குச் செல்வோர் பலர். அதன் அடித்தளக் கற்களின் முன் நின்று எழுத்துக்கூட்டிப் படிப்போர் சிலர். முதலாம் இராசராசன் அக்கோயிலுக்கு எழுதிவைத்த ஊர்களின் பட்டியல் அங்கே இருக்கிறது. சோழ மண்டலத்து ஊர்களோடு ஈழ மண்டலத்து ஊர்கள் சிலவும் அதில் இடம்பெற்றுள்ளன. கடலுக்கு அப்பால் விளைந்ததன் வருவாய் காவிரிக் கரைக் கோயிலுக்கு வரவேண்டும் என்பது மன்னன் ஆணை. வென்றவன் கொடுத்தான், கோயில் பெற்றுக்கொண்டது. அந்த ஊர்களில் ஏர் பிடித்தவர்கள் யார், தங்கள் நிலம் தஞ்சைக்கு எழுதப்பட்டதைக் கேட்டு அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதைப் பற்றி அந்தக் கற்களில் ஓர் எழுத்தும் இல்லை.

நமக்குப் பெருமையாக இருக்கும் இதே செய்தி, பாக் நீரிணையின் மறுகரையில் வேறுவிதமாக நினைவில் நிற்கிறது. கி.பி. 993 அளவில் அனுராதபுரம் சோழரால் அழிந்தது. 1017இல் ஐந்தாம் மகிந்தன் சிறைபிடிக்கப்பட்டுச் சோழ நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு இங்கேயே இறந்தான். 1070இல் முதலாம் விசயபாகு சோழரை வெளியேற்றும்வரை பொலன்னறுவையிலிருந்து நம்மவர் ஆட்சி நடந்தது. சிங்களப் பள்ளிப் பிள்ளைகள் இவற்றைப் படித்தே வளர்கிறார்கள். ஆகவேதான், இலங்கைத் தீவில் பெரும்பான்மையினராக இருக்கும் மக்கள், வடக்கே கோடிக்கணக்கான தமிழர் வாழும் நிலத்தைக் கடலுக்கு இப்பால் பார்த்து, தங்களைச் சிறுபான்மையினராக எண்ணி அஞ்சுகிறார்கள். அச்சம் நியாயமானதா என்பது வேறு கேள்வி. அது உண்மையான அச்சம் என்பதை ஒத்துக்கொள்ளாமல் அத்தீவின் வரலாற்றை எழுத முடியாது. அறுபது இலட்சம் பேரை ஐரோப்பாவில் கொன்று குவித்த கொடுமையை மறந்துவிட்டு இஸ்ரயேல் நாட்டின் பிறப்பை எழுத முடியாதது போலத்தான் இதுவும்.

சில ஆண்டுகளுக்கு முன் வேளாங்கண்ணித் திருவிழாவின்போது, யாழ்ப்பாணத்து வலிகாமத்தைச் சேர்ந்த முதியவர் ஒருவர் ஒப்புரவு அருளடையாளம் பெற வந்தார். முடித்தபின் வெளியே திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். தம் நிலத்தைப் பற்றிச் சொன்னார். நாம் மா, வேலி என்று அளப்பதை அவர்கள் பரப்பு என்று அளக்கிறார்கள். எத்தனை பரப்பு, கிணறு எந்த மூலையில், எல்லையில் எத்தனை பனை என்று விரல்விட்டுச் சொன்னார். 1990இல் விட்டு வந்த நிலம் அது. “என் மகனுக்கு அது படம் போலத்தான் பாதர், எனக்குத்தான் கால் தெரியும்” என்றார். கால் தெரியும் என்ற அந்தச் சொல்லின் பொருளை டெல்டாக்காரனுக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை.

இலங்கைச் சிக்கலை மொழிச் சிக்கலாகவே நாம் பேசிப் பழகிவிட்டோம். 1956இன் தனிச் சிங்களச் சட்டம் நம் நினைவில் நிற்கிறது, நிலம் நிற்பதில்லை. ஆனால் தொடக்கத்திலிருந்தே நிலம் அதன் நடுவில் இருந்தது. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில், கிழக்கு மாகாணத்தில் நீர்ப்பாசனம் பெற்ற புதுநிலங்களில் தெற்கிலிருந்து கொண்டுவரப்பட்ட சிங்களக் குடும்பங்கள் பெருமளவில் குடியமர்த்தப்பட்டன. நிலமற்ற ஏழைக்கு நிலம் கொடுப்பது நல்ல காரியம். அந்த ஏழைக்கும் அதில் பழியில்லை. ஆனால் மாவட்டத்தின் மக்கள்தொகை மாறும்போது தொகுதியும் மாறும், தொகுதி மாறும்போது ஆட்சியும் மாறும் என்பதைத் தமிழ்த் தலைவர்கள் கண்டார்கள். 1957 சூலையில் பண்டாரநாயக்காவும் செல்வநாயகமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், நிலமும் குடியேற்றமும் பிரதேச சபைகளின் அதிகாரத்துக்குள் வரவேண்டும் என்பது முக்கியமான ஒரு பகுதி. பிக்குகளின் எதிர்ப்பினால் 1958 ஏப்ரலில் அது கைவிடப்பட்டது. 1965இல் டட்லி சேனநாயக்காவுடன் செய்த ஒப்பந்தத்திலும், வடகிழக்கில் குடியேற்ற நிலங்களை முதலில் அந்தந்த மாவட்டத்து நிலமற்றோருக்கே தருவதென்று எழுதப்பட்டது. அதுவும் நிறைவேறவில்லை. இரு முறையும் பேச்சு நடத்திய செல்வநாயகம், கூட்டாட்சி கேட்டவர், கிறித்தவர், வன்முறையை வெறுத்தவர். அவர் தலைமையில்தான் 1976 மே 14இல் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானம் நிறைவேறியது. இஸ்ரயேல் நாடு அறிவிக்கப்பட்ட நாளும் மே 14தான், 1948இல். இது தற்செயல்தான், ஆயினும் ஒரு மக்களுக்கு அரசு பிறந்த அந்த நாளையொட்டியே ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட பாலஸ்தீனியர் வீடிழந்தார்கள் என்பது நினைவுக்கு வராமல் இல்லை.

இனி, இரண்டு ஊர்களின் கதைக்கு வருகிறேன். இக்கட்டுரையை எழுதத் தூண்டியவை அவையே.

மன்னார் மாவட்டத்தின் தென்கோடியில், வில்பத்துக் காட்டை ஒட்டிக் கடலோரமாக இருப்பது முள்ளிக்குளம். பழைய கத்தோலிக்க ஊர். குளமும் வயலும் கடலும் ஒன்றாக வாய்த்த இடம். நெல்லும் மீனும் ஒரே வீட்டில் காயும். 2007 செப்டம்பரில் படையினர் வந்து, பாதுகாப்பு நடவடிக்கை, மூன்று நாள்களில் திரும்பலாம் என்று சொல்லி மக்களை வெளியேற்றினார்கள். மூன்று நாளுக்கு என்ன எடுத்துக்கொள்வார்கள்? உடுமாற்றுத் துணியும் அரிசியும்தான். போர் 2009 மே மாதத்தில் முடிந்தது. ஊரில் கடற்படையின் வடமேற்குத் தலைமையகம் அமைந்துவிட்டது. 2012இல் மக்கள் பக்கத்தில் மலங்காட்டில் மரங்களுக்கு அடியில் கொட்டகை போட்டுக் குடியமர்ந்தார்கள். அவர்களுக்காக ஓயாமல் குரல் கொடுத்தவர் அன்றைய மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு. 2017 மார்ச்சில் ஊர்ப் பெண்கள் கடற்படை முகாமின் வாயிலருகே அமர்ந்துவிட்டார்கள். ஒரு மாதத்துக்கும் மேல் நீடித்த அந்த அறப்போராட்டத்துக்குப் பின், ஏப்ரல் இறுதியில், நூறு ஏக்கர் விடப்படும் என்று கடற்படைத் தளபதி அறிவித்தார். வீடுகள் இருந்த பகுதி அதில் முழுமையாக அடங்கவில்லை.

இப்போது கலிலேயாவுக்குப் போவோம். நாசரேத்துக்கு வடக்கே, லெபனான் எல்லையை ஒட்டி, இக்ரித் என்றொரு ஊர். மெல்கைட் கத்தோலிக்கர் வாழ்ந்த ஊர். அதற்குச் சற்றுக் கிழக்கே பிரிம். அது மரோனைட் கத்தோலிக்கரின் ஊர். 1948 அக்டோபர் இறுதியில் இஸ்ரயேல் படை வந்தபோது இவ்வூரார் எதிர்த்துப் போரிடவில்லை. நவம்பரில் படை அதிகாரிகள், எல்லையில் ஆபத்து இருக்கிறது, பதினைந்து நாள்களில் திரும்பலாம் என்று சொல்லி வெளியேற்றினார்கள். இக்ரித் மக்கள் ராமே என்ற ஊருக்கும், பிரிம் மக்கள் ஜிஷ் என்ற ஊருக்கும் சென்றார்கள். பதினைந்து நாள் கழிந்தது, ஆண்டுகள் கழிந்தன. வழக்குத் தொடுத்தார்கள். 1951 சூலையில் இஸ்ரயேலின் உச்ச நீதிமன்றமே இக்ரித் மக்கள் திரும்பலாம் என்று தீர்ப்பளித்தது. அந்நாட்டு நீதிமன்றத்துக்கு உரிய மதிப்பைத் தருவோம். ஆனால் அதே ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழா நாளில் படையினர் ஊரின் வீடுகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். கோயில் மட்டும் நின்றது. 1953 செப்டம்பர் 16 அன்று பிரிம் மீது விமானங்கள் குண்டு வீசின. அவ்வூரார் எதிர்க் குன்றில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று தம் ஊரை இழந்த சிறுவர்களுள் ஒருவரான எலியாஸ் சாக்கூர், 2006இல் கலிலேயாவின் மெல்கைட் பேராயரானார். அவர் பேராயரான பின்னும் பிரிம் மக்கள் ஊர் திரும்பவில்லை.

கிறிஸ்து பிறப்பு நாள் என்று எழுதும்போது, நம் கீழத்தஞ்சையும் கண்முன் வருகிறது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் நாற்பத்து நான்கு பேர் எரிந்தார்கள். அவர்கள் கேட்டது நாடன்று. அறுவடைக் கூலியில் அரைப்படி நெல் கூடுதலாக. குடியிருந்த மனைக்கட்டு மிராசுதாருடையதாக இருந்த காலம் அது. எதிர்த்துப் பேசினால் மனையைக் காலி செய் என்பதே முதல் தண்டனை. குடியிருப்பு மனை குடியிருப்பவனுக்கே என்ற சட்டம் 1971இல்தான் வந்தது. ஆகவே காலடியிலுள்ள மண் இன்னொருவன் கையிலிருந்தால் மனிதன் எப்படிப் பேசுவான், எப்படி நிற்பான் என்பதை அறிய நாம் கலிலேயாவுக்குப் போகவேண்டியதில்லை.

ஆளைப் பிடுங்குவது படையின் வேலையென்றால், திரும்பாமல் தடுப்பது காகிதத்தின் வேலை. 1950இல் இஸ்ரயேல் இயற்றிய சட்டமொன்று, போரில் ஊரைவிட்டுச் சென்றோரை ‘இல்லாதவர்’ என்று பெயரிட்டு, அவர்கள் சொத்தைப் பொறுப்பாளர் ஒருவரிடம் ஒப்படைத்தது. நாட்டுக்குள்ளேயே அடுத்த ஊரில் இருந்தவர்களும் இல்லாதவர்களானார்கள். இக்ரித், பிரிம் நிலங்கள் 1953இன் நில எடுப்புச் சட்டத்தின் கீழ்ப் போயின. பிரிம் ஊரின் இடிபாடுகள் இன்று தேசியப் பூங்காவுக்குள் இருக்கின்றன. இலங்கையில் வலிகாமம் வடக்கில் மட்டும் 6,381 ஏக்கரை எடுப்பதாக 2013இல் அறிவிப்பு ஒட்டினார்கள். உரிமையாளர்கள் இருக்குமிடம் தெரியவில்லை என்று அதில் எழுதியிருந்தது. அந்த உரிமையாளர்களோ சில கல் தொலைவில் முகாம்களில் இருந்தார்கள்! ஆயிரக்கணக்கானோர் நீதிமன்றம் சென்றார்கள். பின்னர் அந்நிலங்களில் ஒரு பகுதி விடுவிக்கப்பட்டது.

நம்மவர் கையும் இதில் தூய்மையாக இல்லை. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். ஏறத்தாழ எழுபத்தைந்தாயிரம் பேர். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். முள்ளிக்குளத்தின் அண்டை ஊரான மறிச்சுக்கட்டி முஸ்லிம்களும் அப்படிப் போனவர்களே. அவர்கள் இல்லாத இருபது ஆண்டுகளில் வீட்டுத் தரையில் காடு வளர்ந்தது. போர் முடிந்து அவர்கள் திரும்பத் தொடங்கியபோது, 2012இல் அந்நிலங்களின் ஒரு பகுதி ஒதுக்கப்பட்ட காடாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. காட்டை அழிக்கும் ஆக்கிரமிப்பாளர் என்று பழி சுமந்தவர்கள், விரட்டப்பட்ட அந்த மக்களே. தமிழருக்கு நியாயம் கேட்கும் மேடைகளில் இந்த எழுபத்தைந்தாயிரம் பேரைச் சொல்லாமல் விடுவதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒருமுறை நானே விட்டிருக்கிறேன்.

காடு ஒரு கருவி, தொல்லியல் மற்றொன்று. பிரிம் ஊருக்குள்ளேயே பழைய யூதத் தொழுகைக்கூடம் ஒன்றின் அழகிய கற்சுவர் நிற்கிறது. மரோனைட் மக்கள் வருமுன் அங்கே யூதர் வாழ்ந்தது மெய். முல்லைத்தீவிலும் திருகோணமலையிலும் பௌத்தச் சின்னங்கள் கிடைப்பதும் மெய். அவற்றை வைத்து இன்றிருப்பவனை எழுப்பலாமா? நாகப்பட்டினத்தையே எடுத்துக்கொள்வோம். ஸ்ரீவிஜய மன்னன் அங்கே எடுப்பித்த சூடாமணி விகாரத்துக்கு இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடுத்தான். அந்தச் செப்பேடு இன்று லெய்டன் செப்பேடு என்று பெயர் பெற்றிருக்கிறது. அங்கு எஞ்சி நின்ற பழைய செங்கற்கோபுரத்தை 1867இல் அரசின் இசைவு பெற்று இடித்தவர்கள் நம் சேசு சபைக் குருக்கள். கல்லூரிக்கு இடம் வேண்டியிருந்தது. அக்கல்லூரி 1883இல் திருச்சிக்குப் போய்விட்டது. கோபுரம் போனது போனதுதான். அங்கே கிடைத்த புத்தர் படிமங்களைக் காட்டி நாளை ஒருவர் நாகையை உரிமை கொண்டாடினால் நாம் சிரிப்போம். ஆனால் முல்லைத்தீவு உழவனால் சிரிக்க முடியாது. அவனுக்கு எதிரே நிற்பது துறை அதிகாரியும் காவலரும்.

அரசு இல்லாத மக்களின் நிலம் எளிதில் போகிறது என்பது இவ்விரு வரலாறுகளிலும் தெரிகிறது. ஆகவே அரசு வேண்டும் என்கிறார்கள். கிடைத்த அரசு அடுத்தவனின் நிலத்தில் கைவைக்கிறது என்பதும் இரண்டிலும் தெரிகிறது. ஐ.நா. அவை 1947 நவம்பர் 29இல் பாலஸ்தீனத்தை இரண்டாகப் பிரிக்கத் தீர்மானித்தபோது எதிர்த்து வாக்களித்த நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. மூன்று மாதங்களுக்கு முன்தான் நாமே ஒரு பிரிவினையில் இரத்தம் சிந்தியிருந்தோம். திருத்தந்தையின் ஆட்சிபீடம் 1993இல் இஸ்ரயேலுடன் உடன்படிக்கை செய்தது. 2015இல் பாலஸ்தீன நாட்டுடனும் செய்தது. 2023 அக்டோபர் 7இல் ஹமாஸ் படை ஆயிரத்து இருநூறு பேரளவில் கொன்று, சுமார் இருநூற்றைம்பது பேரைப் பிணையாகக் கொண்டு சென்றது. அதன்பின் காசாவில் இறந்தவர்கள் அறுபதாயிரத்தைத் தாண்டிவிட்டார்கள் என்று அங்குள்ள நலத்துறை கணக்குச் சொன்னது. காசாவின் ஒரே கத்தோலிக்கப் பங்கான திருக்குடும்ப ஆலயத்துக்குத் திருத்தந்தை பிரான்சிஸ் தாம் இறக்கும்வரை ஏறக்குறைய அன்றாடம் தொலைபேசியில் பேசினார். 2025 சூலையில் அந்த ஆலயமும் தாக்கப்பட்டு மூவர் இறந்தனர்.

இவ்வளவுக்கு நடுவிலும் ஒரு கரையேற்றம் நடந்தது. பூநகரிக்கு மேற்கே கடலில் உள்ள இரணைதீவு, மீனவர் வாழும் கத்தோலிக்கத் தீவு. 1992இல் போரினால் வெளியேறியவர்களைப் போர் முடிந்தும் கடற்படை தங்க விடவில்லை. ஓராண்டுக் காலம் எதிர்க்கரையில் உட்கார்ந்து போராடினார்கள். 2018 ஏப்ரல் 23 அன்று, யாருடைய அனுமதிக்கும் காத்திராமல், வெள்ளைக் கொடி கட்டிய படகுகளில் பெண்களும் முதியவர்களும் குருக்களுமாகப் புறப்பட்டுத் தீவில் இறங்கி, நேரே ஆலயத்துக்குச் சென்று செபித்தார்கள். கடற்படை சுடவில்லை. அடுத்த மாதமே தங்கிக்கொள்ள அரசு ஒப்புக்கொண்டது.

இக்ரித் மக்களுக்கு அப்படிப்பட்ட நாள் வரவில்லை. 1970களிலிருந்து ஒரு சலுகை மட்டும் கிடைத்தது: இறந்தவர்களை ஊர்க் கல்லறையில் அடக்கம் செய்யலாம். உயிரோடிருக்கும்போது திரும்ப முடியாதவர்கள் பெட்டியில் திரும்புகிறார்கள். கோயிலில் அவ்வப்போது திருப்பலியும் நடக்கிறது. 2012இல் அவ்வூர் இளைஞர்கள் சிலர், தாங்கள் பிறக்காத அந்த ஊருக்குச் சென்று, கோயிலையொட்டி முறைவைத்துத் தங்கத் தொடங்கினார்கள். செடி நட்டால் அதிகாரிகள் வந்து பிடுங்கினார்கள். அவர்கள் மறுபடி நட்டார்கள். முள்ளிக்குளத்திலும் மக்கள் ஆலயத்துக்கு வந்து வழிபட இசைவு கிடைத்தது. பூசை முடிந்ததும், கடற்படையினர் குடியிருந்த தங்கள் வீடுகளைக் கடந்து, அவர்கள் மலங்காட்டுக் கொட்டகைகளுக்கு நடந்து போனார்கள்.