குழலும் குருவும்



இசைக்கருவிகளில் எளியது எது என்று கேட்டால் புல்லாங்குழல் என்று சிறு பிள்ளையும் சொல்லும். ஒரு மூங்கில் துண்டு. ஊதுவதற்கு ஒரு துளை. விரல் வைப்பதற்கு எட்டுத் துளைகள். நம் கர்நாடக இசைக் குழல் அவ்வளவுதான். நரம்பில்லை, தோலில்லை. ஆனால் பார்வைக்கு எளிய இந்தக் கருவி, பழகுவதற்கு அரியது. வீணையில் சுரம் எந்த மெட்டில் இருக்கிறது என்று கண்ணுக்குக் காட்டலாம். குழலிலோ விரல் பாதி வேலையைத்தான் செய்கிறது. மீதியை உதடும் மூச்சும் செய்கின்றன. உதடு சற்றுச் சாய்ந்தாலும் சுரம் பிசகிவிடும்.

பால்மரம் வெட்டப் பழகியவர்களுக்கு இது உடனே விளங்கும். பட்டையை வெட்ட வேண்டும், மரத்தைத் தொடக் கூடாது. கத்தி ஆழம் போனால் மரத்தில் காயம். மேலாகப் போனால் பால் குறைவு. அந்த அளவை எந்தப் புத்தகமும் கைக்குள் கொண்டுவந்து விடாது. தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று காட்டித்தான் கை பழகுகிறது. குழலும் அப்படியே. ஆதலால் குழலிசையின் வரலாற்றைச் சொல்ல வந்தால், பக்கத்தில் இருந்து கற்றுக் கொடுத்தவர்களின் வரலாற்றையும் சொல்ல வேண்டும்.

இது நேற்று வந்த வழக்கமன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையிலே, மாதவி ஏழாண்டு ஆடல் பயின்று பன்னிரண்டாம் வயதில் அரங்கேறுகிறாள். ஆடலாசிரியன், இசையாசிரியன், தண்ணுமையாசிரியன் ஆகியோருடன் குழலாசிரியனுக்கும் அங்கே இடம் தந்திருக்கிறார் இளங்கோவடிகள். அவனுக்கு என்னென்ன தகுதி வேண்டும் என்பதையும் வகுத்துச் சொல்கிறார். பிற்கால உரையாசிரியர் அடியார்க்கு நல்லார், மூங்கில், சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி ஆகியவற்றில் குழல் செய்யலாம் என்றும் குறித்து வைத்தார்.

ஆயினும் கர்நாடக இசைக் கச்சேரியில் குழல் தனித்து நின்று பெருமை பெற்றது கும்பகோணம் சரப சாஸ்திரிகளால்தான். 1872-இல் பிறந்த அவர், குழந்தைப் பருவத்திலேயே பார்வையை இழந்தவர். கண் இல்லாதவருக்கு ஏட்டைக் காட்டிப் பாடம் சொல்ல முடியாது. காதும் விரலுமே அவருக்குப் பள்ளிக்கூடம். வாய்ப்பாட்டுக்கு உரிய உருப்படிகளைக் குழலில் நிறைவாக வாசிக்கலாம் என்று மெய்ப்பித்தார். 1904-இல், முப்பத்திரண்டு வயதிலேயே மறைந்தார். அந்தக் குறுகிய வாழ்நாளுக்குள் அவர் ஒரு மாணவரை உருவாக்காமல் போயிருந்தால், அவருடைய வழி அவருடனேயே முடிந்திருக்கும். பல்லடம் சஞ்சீவ ராவ் என்ற அந்த மாணவர், பிறகு அரை நூற்றாண்டு அளவுக்குக் குழலுக்குப் பெயர் தேடித் தந்து, 1943-இல் சங்கீத கலாநிதி ஆனார். அவரிடம் கற்ற எச். இராமச்சந்திர சாஸ்திரி, 1936-இல் ருக்மிணி தேவி தொடங்கிய கலாக்ஷேத்திரத்தில் ஆசிரியராக இருந்தார். ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்த பாடம் கல்வி நிலையத்துக்குள் வந்தது இவ்வாறுதான்.

'ஆசிரியர் இல்லாமலே மாலி பெரிய வித்துவான் ஆனாரே!' என்று நேயர்கள் கேட்கலாம். திருவிடைமருதூரில் 1926-இல் பிறந்த டி. ஆர். மகாலிங்கம் குழலைத் தாமே பழகியவர் என்பது உண்மை. 1933-இல், ஏழு வயதில், மயிலாப்பூர் தியாகராஜர் விழாவில் வாசித்து ஊரை வியக்க வைத்தார். ஆனால் அவருடைய உறவினர் ஜால்ரா கோபாலய்யர் பிள்ளைகளுக்கு வாய்ப்பாட்டுச் சொல்லிக் கொடுத்ததைக் கேட்டுக் கேட்டே அவருக்கு இசை வந்தது. கேட்டதைக் குழலில் பாட வைக்க முயன்றபோதுதான் விரல் வைப்பிலும் உதடு வைப்பிலும் புது வழி கண்டார். கமகங்கள் மனிதக் குரல் போலவே குழையத் தொடங்கின. ஆக, அங்கும் ஓர் ஆசிரியர் குரல் இருந்தது. பாடம் மட்டும் சுவருக்கு அப்பால் நடந்தது.

கற்கும் உரிமை யாருக்கு என்ற கேள்வியும் இவ்வரலாற்றில் உண்டு. இசை சில குடும்பங்களுக்கே உரியது என்றும், குழல் ஆண்களுக்கே பொருந்தும் என்றும் எண்ணிய காலம் ஒன்று இருந்தது. ஆழியூர் நாராயணசாமி ஐயர் அந்த எண்ணத்துக்குக் கட்டுப்படவில்லை. தம் பேரன் என். ரமணிக்குக் கற்பித்த அவரே, சிக்கில் சகோதரிகளான குஞ்சுமணி, நீலா ஆகியோரில் குஞ்சுமணிக்கும் கற்பித்தார். அச்சகோதரிகள் 2002-இல் சங்கீத கலாநிதி விருது பெற்றார்கள். ரமணி பின்னர் மாலியிடம் பயின்று, 1983-இல் சென்னையில் குழலுக்கென்றே ஒரு பயிற்சிக்கூடம் நிறுவினார். நாகசுரக் குடும்பத்தில் பிறந்த திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையின் மாணவர் டி. விசுவநாதன், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். தமிழே அறியாத வளர்ந்த மாணவர்களுக்கும் நம் இசை அங்கே பாடமாயிற்று.

இளமை கடந்தவர் கற்க முடியுமா? முடியும், ஆனால் ஆளுக்கு ஏற்றபடி பாடம் மாற வேண்டும். சிறு பிள்ளையின் விரல் நீண்ட குழலின் துளைகளை எட்டாது; குட்டைக் குழல் வேண்டும். வளர்ந்தவர் விரல் எட்டும். ஆனால் விறைத்து நிற்கும். அவருக்கு நாதம் தெளிவாக வரும்வரை ஒரே சுரத்தை நீட்டி ஊதும் பொறுமை வேண்டும். சரளி வரிசையை வழக்கம்போல் மாயாமாளவகௌளையில் தொடங்கினால், அதில் வரும் சுத்த ரிஷபத்துக்குத் துளையைப் பாதி மூட வேண்டியிருக்கும். புதிய விரல்களுக்கு அது கடினம் என்பதால், சங்கராபரணத்தில் தொடங்கும் ஆசிரியர்களும் உண்டு. பாடத்தை மாணவனுக்காக வளைப்பது குறையாகாது. அதுவே ஆசிரியத் தொழில்.

நம் வட்டாரத்திலும் வாசல்கள் திறந்துதான் இருக்கின்றன. சிங்கப்பூரில் 1949-இல் இந்திய நுண்கலைக் கழகம் தோன்றியது. மலேசியாவில் 1981-இல் சுவாமி சாந்தானந்த சரஸ்வதி நுண்கலைக் கோயிலைத் தொடங்கினார். ஆயினும் பட்டணத்துக்கு வெகு தொலைவில் இருந்த தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த வாசல் எட்டாமல் போனதுண்டு. 'வயிற்றுப்பாட்டுக்கே வழியில்லை, குழல் எதற்கு?' என்று நம் பெற்றோர் கேட்டதில் நியாயமும் இருந்தது. நாம் அவர்களைக் குறை சொல்லவில்லை.

ஆனால் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். கண்பார்வை இல்லாத ஒருவர் முப்பத்திரண்டு ஆண்டுகளே வாழ்ந்து விட்டுச் சென்ற வித்தை, கை மாறிக் கை மாறி இன்றுவரை வந்திருக்கிறது. அது பணத்தால் வந்ததன்று. தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக் கொடுத்ததால் வந்தது. உங்கள் ஊர்க் கோயிலில் குழலோ, நாகசுரமோ, தேவாரமோ அறிந்த பெரியவர் ஒருவர் இருந்தால், வாரத்தில் ஒரு மாலை பிள்ளைகளை அவர் முன்னால் உட்கார வையுங்கள். ஆண் பிள்ளை, பெண் பிள்ளை என்று பார்க்க வேண்டாம். விருப்பம் இருந்தால் நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். அவர் போன பிறகு அந்த வித்தையைத் தேடிப் பயனில்லை.